ராகு காலத் துப்புரவு

பத்து முப்பத்திரண்டு. ராகு காலம் ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு. சைட்டை இழுத்து மூடியாச்சு, 'பராமரிப்புப் பணி நடக்கிறது, பன்னிரண்டு மணிக்குச் சந்திப்போம்'னு ஒரு பலகை, பக்கத்துல கை கூப்பிக்கிட்டு ஒரு பொம்மைப் பொண்ணு, கருமம், அந்தப் பொம்மைக்கும் மூக்குத்தி போட்டு விட்டிருக்கானுங்க. வரன் பார்க்கிற சைட்டுக்கு ராகு காலத்துல ஈ காக்கா வராதுங்கிறதைக் கண்டுபிடிச்சது நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதுசு, தினம் ஒன்றரை மணி நேரம் ஆள் நடமாட்டம் அப்படியே படுத்துடும், திங்கக்கிழமை காலங்காத்தால படுக்கும், புதன்கிழமை மத்தியானம் படுக்கும், வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் படுத்து பன்னிரண்டுக்கு எழுந்துக்கும், நான் ஏதோ நெட்வொர்க் கோளாறுன்னு நாலு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். அப்புறம் ஒருநாள் வீட்டுல காலண்டர் தாள் கிழிக்கும்போது விளங்கிச்சு. அதுலேர்ந்து எங்க கம்பெனியில பெரிய வேலை எதுவா இருந்தாலும் ராகு காலத்துலதான். ஊரே நல்ல காரியத்தை நிறுத்தி வைக்கிற நேரத்துல நான் உட்கார்ந்து குப்பை அள்ளுவேன். வெளியில ஹாலு முழுக்க போன் பேசுற பொண்ணுங்க, அதுங்களும் இந்த நேரத்துல யாருக்கும் போன் போடாது, போட்டா திட்டு விழும், அதனால வடை தின்னுக்கிட்டு இருக்குதுங்க. அந்த எண்ணெய் வாடை ஏசி வழியா என் கண்ணாடி ரூமுக்குள்ள வந்து மூக்குல ஒட்டிக்குது. கீபோர்டைத் தலைகீழாத் தட்டினா பிஸ்கட் தூளும், யாரோட முடியோ ஒண்ணும், நகத் துண்டும் விழுது. நகம். எவனோ இங்க உட்கார்ந்து நகம் கடிச்சுத் துப்பியிருக்கான். இந்த நாற்காலியில என்னைத் தவிர யாரும் உட்கார்றதில்ல.

டிஸ்க் தொண்ணூத்தாறு சதவீதம் ரொம்பிப் போச்சு. இன்னும் ரெண்டு சதவீதம் போனா சைட்டு படுத்துடும்னு ஜெயசீலன் சார், எங்க மேனேஜர், நேத்து வந்து நின்னார், இந்த வெள்ளிக்கிழமையே சுத்தம் பண்ணி இடத்தை மீட்டுக் குடுத்துடுங்க தனசேகர்னு, பல்லுக்கிடையில எதையோ நாக்கால நெம்பிக்கிட்டே. நாளைக்கு அண்ணன் பொண்ணுக்கு நிச்சயம் சார்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. சரி சார்னுட்டேன். சுத்தமாம் சுத்தம். இந்த டேட்டாபேஸ்ல ஒரு வரியை அழிச்சா அது அழியாது, இது செத்துப்போச்சுன்னு ஒரு குறி வச்சுட்டு அப்படியே விட்டுடும். தேடினா கண்ணுல படாது, எண்ணினா கணக்குல வராது, ஆனா இடத்தை அடைச்சுக்கிட்டு உள்ளயே கிடக்கும், பஸ்ல துண்டு போட்டு வச்ச சீட்டு மாதிரி. தினம் தானாவே கூட்டிப் பெருக்கிற வசதி ஒண்ணு உண்டு. அதை ஏழு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் அணைச்சேன், சைட்டு மெதுவாகுதுன்னு இவர் கத்தினதுல, ஒரு வாரத்துல திரும்பப் போட்டுக்கலாம்னு. ஏழு வருஷமாச்சு. இன்னிக்குப் பண்றது பெரிய துப்புரவு. உயிரோட இருக்கிற வரிகளை மட்டும் பொறுக்கிப் புதுசா ஒரு ஃபைல்ல எழுதும், எழுதி முடிச்ச அந்த நிமிஷம் பழைய ஃபைலைத் தூக்கிக் கடாசிடும். நடுவுல எப்ப நிறுத்தினாலும் ஒண்ணும் ஆகாது, பழசு பழையபடியே இருக்கும். நூறு சதவீதத்தைத் தொட்டுட்டா அப்புறம் ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது. தினம் எடுத்து வைக்கிற நகல்லயும் செத்தது போகாது, உயிருள்ளதுதான் போகும். மூணு டேபிள் இருக்கு. உறுப்பினர் விவரம், மெசேஜ், புகார். முதல்ல உறுப்பினர் விவரத்தை ஓட விட்டிருக்கேன், இருபத்திரண்டு சதவீதம் ஆச்சு.

என்னென்ன செத்துக் கிடக்கு உள்ள. ஒரு எழுத்து திருத்தினாலும் பழைய வரி ஒண்ணு செத்து விழும், அப்படித்தான் இதைக் கட்டியிருக்கு. ஒரு பொண்ணு எழுபத்தி நாலு கிலோன்னு உண்மையைப் போட்டிருக்கும். மறுநாள் அப்பன்காரன் உள்ள வந்து அறுபத்தெட்டுன்னு மாத்துவான். மறு மாசம் அறுபத்திரண்டு. நிறம் மாநிறம், அப்புறம் சிவப்பு, அப்புறம் நல்ல சிவப்பு. பத்து வருஷமா இருபத்தெட்டு வயசுலயே நிக்கிற மாப்பிள்ளைங்க எத்தனை பேரு. குடிப்பழக்கம் உண்டா, எப்பவாவது. எப்பவாவதுன்னு இருந்ததை இல்லைன்னு மாத்தினது மட்டும் பதினோராயிரம் பேரு, ஒருநாள் பொழுது போகாம எண்ணிப் பார்த்தேன். எண்ணிப் பார்த்துட்டு சாப்பாட்டைக் கொட்டிட்டு வந்தேன். மெசேஜ் டேபிள் அதைவிட நாத்தம். வணக்கம்னு ஆரம்பிச்சு ரெண்டாவது வரியிலயே, உங்க பழைய ஆபீஸ்ல ஆம்பளைங்க எத்தனை பேருன்னு கேக்கிறவன். போட்டோல தோள்பட்டை தெரியுதே, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரான்னு கேக்கிறவன். பதில் வரலைன்னா வாயில வர்றதையெல்லாம் எழுதி அனுப்பிட்டு, காலையில எழுந்து அழிச்சுட்டு, நெத்தியில விபூதியோட ப்ரொஃபைல் போட்டோ மாத்துறவன். அழிச்சுட்டதா நினைச்சுக்கிட்டு நிம்மதியா இருப்பானுங்க. எல்லாம் என்கிட்டதான்டா கிடக்கு. பதினெட்டு வருஷமா டேட்டாபேஸ் வேலை, அதுல பதினோரு வருஷம் இந்தச் சாக்கடைக்கு மூடி பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். வீட்டுக்குப் போனா சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவுறேன், என் பொண்டாட்டி கேக்கிறா, ஏங்க, கம்ப்யூட்டர் வேலைதானே பார்க்கிறீங்க, கசாப்புக் கடையாவா பார்க்கிறீங்கன்னு.

பதினொன்னு. அண்ணன் போன். உறையூர் மண்டபத்துலேர்ந்து பேசுறார், பின்னாடி மேளமில்லாத கூட்டத்தோட இரைச்சல், நாற்காலி இழுக்கிற சத்தம். மாப்பிள்ளை வீடு வந்து இறங்கியாச்சாம், ராகு காலம் முடியட்டும்னு எல்லாரையும் டிபன் சாப்பிட உட்கார வச்சிருக்காராம், பன்னிரண்டே காலுக்கு கௌரி நல்ல நேரம், தட்டு மாத்தினதும் மோதிரம் போடணும், அதுக்குள்ள வந்துடுடான்னார். வந்துடுறேண்ணேன்னேன். தில்லைநகர்லேர்ந்து உறையூருக்கு வண்டியில கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனா நான் போக மாட்டேன்னு எனக்குத் தெரியும். ஏன்னு தெரியல. குணசேகரன், தனசேகரன், எங்கப்பா வச்ச பேரு, அண்ணன் படிக்காம லேத்துக்குப் போய் என்னைப் படிக்க வச்சார், அவர் கையில இன்னும் இரும்புத் தூள் கறுப்பு போகல. அவரோட ஒரே பொண்ணு மதுமிதா. வேற எங்கயும் போகாதீங்கண்ணே, எங்க சைட்டுலயே பார்க்கலாம், நான் உள்ளயே இருக்கேன், எவன் எப்படின்னு எனக்குத்தானே தெரியும்னு சொன்னது நான். அந்தச் சாக்கடையிலதான் என் பொண்ணு மாதிரி இருக்கிறவளுக்கு மாப்பிள்ளையை அள்ளினேன். பெரிய மனுஷன். பையன் பேரு நவநீதன், ஓசூர்ல மேனேஜரா இருக்கான், முப்பத்தொரு வயசு, பச்சை டிக் உண்டு. பச்சை டிக்னா எங்க ஆளுங்க நேர்ல போய் விசாரிச்சு, ஒரு புகாரும் இல்லைன்னு உறுதி பண்ணினதுன்னு அர்த்தம். அப்படித்தான் விளம்பரத்துல இருக்கு. நான் அதோட விடல. உள்ள போய் புகார் டேபிள்ல அவனோட எண்ணைப் போட்டுத் தேடினேன். பூஜ்யம். டிக் குடுத்த தேதியைப் பார்த்தேன், ஒண்ணு இல்ல, மூணு தேதி இருந்துச்சு. அண்ணே, சாதாரணமா ஒரு தடவைதான் செக் பண்ணுவாங்க, இவனை மூணு தடவை செக் பண்ணியிருக்காங்க, தைரியமா செய்ங்கன்னு போன்லயே சொன்னேன். அண்ணன் அதை சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டார்.

மெசேஜ் டேபிள் முடிஞ்சுது, பதினொன்னு பத்தொன்பது. அடுத்தது புகார். இது சின்ன டேபிளாத்தான் இருக்கணும். புகாரை யாரும் திருத்தறதில்ல, அழிக்கவும் கூடாது, வருஷக்கணக்கா வச்சிருக்கணும்னு ஒரு விதி, சுவர்லயே ஒட்டியிருக்கு. எவ்வளவு குப்பை இருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டு ஓட விடலாம்னு பார்த்தேன். உயிரோட நாப்பத்தோராயிரம். செத்தது மூணு லட்சத்துப் பதினெட்டாயிரம். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பார்த்தேன். மூணு லட்சத்துப் பதினெட்டாயிரம். கை அதுபாட்டுக்கு ஓட விடுற பட்டனை அமுக்கிடுச்சு, பழக்கம், பட்டியல்ல அடுத்த வரி அதுதானே, அமுக்கிட்டுத்தான் யோசிக்கவே ஆரம்பிக்கிறேன். ஒரு சதவீதம். யாரு இவ்வளவு புகாரை அழிச்சது, யாருக்கு அந்த அதிகாரம் இருக்கு, அந்த டேபிள்ல அழிக்கிற உரிமை ரெண்டே பேருக்குத்தான், ஒண்ணு நான், இன்னொண்ணு. இன்னொண்ணு நான் எழுதி வச்ச ஒரு சின்ன ஸ்கிரிப்ட். ஆறு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு சாயங்காலம், ஜெயசீலன் சார் டீயோட வந்தார். ஒரு பெரிய இடத்துப் பையன், யாரோ வேணும்னே பொய்ப் புகார் குடுத்துட்டாங்க, டிக் போயிடுச்சு, சந்தா புதுப்பிக்க மாட்டேங்கிறாங்க, இந்த ஒண்ணே ஒண்ணைத் துடைச்சு விட்டுடுங்களேன் தனசேகர். அவர் டீ கோப்பையை என் மேஜையில வச்சார், அடியில வட்டமா ஈரம். நான் அந்த ஈரத்தைத் துடைச்சேன், புகாரையும் துடைச்சேன். அடுத்த மாசம் மூணு எண்ணைக் குடுத்தார். அதுக்கு அடுத்த மாசம் பதினேழு. ஒவ்வொண்ணா அழிக்க எனக்கு அருவருப்பா இருந்துச்சு, அதனால என்ன பண்ணேன், ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் குடுத்துட்டேன், எண்களைப் பட்டியல்ல போட்டா ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி அதுவே அழிச்சுட்டு, அதுவே டிக்கைத் திருப்பிக் குடுத்துடும். அப்புறம் நான் கையே வைக்கல. கை வைக்காததால எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு ஆறு வருஷமா சோறு தின்னுக்கிட்டு இருந்திருக்கேன். அதுவே டிக்கைத் திருப்பிக் குடுத்துடும்.

திருப்பிக் குடுத்துடும். திருப்பிக் குடுக்கும்போது புதுத் தேதி விழும். மூணு தேதி. ஒரு தடவை விசாரிச்சுட்டா டிக் குடுத்ததுதான், ரெண்டாம் தடவை யாரும் விசாரிக்கிறதே இல்ல, அதுக்கு ஆளும் இல்ல. புகார் வந்தா டிக் தானாப் போயிடும், புகாரை அழிச்சா தானா வரும், இந்த விதியை எழுதினவனே நான்தான். மூணு தேதின்னா ரெண்டு தடவை போயிருக்கு. ரெண்டு தடவை யாரோ புகார் குடுத்திருக்காங்க, ரெண்டு தடவை என் ஸ்கிரிப்ட் துடைச்சிருக்கு. அதை நான் மூணு தடவை செக் பண்ணினதுன்னு படிச்சிருக்கேன். சைட்டை வெளியிலேர்ந்து பார்க்கிற அப்பாவி எவனாவது அப்படிப் படிச்சிருந்தா மன்னிக்கலாம். நான் படிச்சேன். த்தூ. பூஜ்யத்தைப் பார்த்தேன், பார்த்துட்டு நிம்மதியா மூச்சு விட்டேன், அந்தப் பூஜ்யத்தைச் செய்யறதுக்கே ஒரு மெஷின் எழுதி வச்சிருக்கிறவன் நான். பதினேழு சதவீதம். இல்ல, அப்படியெல்லாம் இருக்காது. டிக் வேற காரணத்துக்காகவும் போகும், போட்டோ மாத்தினா போகும், ஊரு மாத்தினா போகும். போகுமா? போட்டோ மாத்தினா போகாது. ஊரு மாத்தினா போகுமான்னு எனக்கு ஞாபகம் இல்ல, எழுதி எத்தனை வருஷமாச்சு. சரி, புகாரே வந்திருந்தாலும் என்ன புகாரோ. பொண்ணு வீட்டுக்குப் போன் பண்றேன்னு சொல்லிட்டுப் பண்ணலன்னுகூடப் புகார் குடுக்கிறாங்க. ஜாதகத்தைத் திருப்பித் தரலன்னு குடுக்கிறாங்க. நாலு வருஷமா சைட்டுல இருக்கான். நல்ல வேலை, நல்ல உயரம், சொந்த வீடு, தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, நாலு வருஷமா ஏன்டா உனக்கு அமையல? ஜாதகம் சரியா வரலைன்னு அவன் அம்மா சொன்னாங்க, சொல்லும்போது காபியில மிதந்த ஆடையை விரலால எடுத்துத் தட்டு ஓரத்துல தடவினாங்க, எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு, அப்ப அந்த ஆடையைத்தான் பார்த்தேன், அவங்க முகத்தைப் பார்க்கல.

முப்பத்தெட்டு சதவீதம். நிறுத்தினாத்தான் பார்க்க முடியும். இது ஓடுற வரைக்கும் அந்த டேபிளை யாரும் திறக்க முடியாது, பூட்டு போட்டுக்கிட்டு ஓடும். நிறுத்தினா பழைய ஃபைல் அப்படியே இருக்கும், செத்த வரியையும் காட்டுற ஒரு சின்ன கருவி என்கிட்ட இருக்கு, அதை வச்சு அவனோட எண்ணைத் தேடினா பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். தெரிஞ்சு? தெரிஞ்சு என்ன பண்றது, நூத்தம்பது பேரு உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற மண்டபத்துக்குப் போன் பண்ணி, அண்ணே, நான் ஆறு வருஷமா புகாரை அழிக்கிற வேலை பார்த்துக்கிட்டு இருக்கேன்னு சொல்றதா. இதே மெஷினை நிறுத்தாம விட்டா இன்னும் இருபத்தஞ்சு நிமிஷத்துல எதுவுமே இருக்காது. நிஜமாவே இருக்காது. அப்ப அந்தப் பூஜ்யம் நிஜமான பூஜ்யம் ஆயிடும், நான் சொன்னது உண்மை ஆயிடும், யாரும் எதையும் நிரூபிக்க முடியாது, நான்கூட முடியாது. இந்த நினைப்பு வந்ததும் எவ்வளவு சுகமா இருந்துச்சு தெரியுமா, பல்லு வலிக்கு கிராம்பு வச்ச மாதிரி. அந்தச் சுகத்தைத்தான் என்னால தாங்க முடியல. எச்சில் ஊறிச்சு, எழுந்து போய் வாஷ்பேசின்ல துப்பினேன், பேசின்ல யாரோ கை கழுவின சோத்துப் பருக்கை அடைச்சுக்கிட்டு மஞ்சளாத் தண்ணி நிக்குது, அதுல என் மூஞ்சி தெரியுது. போன வாரம் மது பேசினா. ஒண்ணும் விசேஷமில்ல சித்தப்பா, சும்மாதான்னு. அப்புறம் சொன்னா, அவருக்குக் கோபமே வராதாம் சித்தப்பா, வந்தாலும் சத்தம் போட மாட்டாராம், மெதுவாத்தான் பேசுவாராம், அவரே சொன்னார். நல்லதுதானேம்மான்னேன். ஆமா சித்தப்பா, நல்லதுதான்னா. நீங்க செக் பண்ணிட்டீங்கல்ல சித்தப்பான்னா. பண்ணிட்டேம்மான்னேன். அவ போனை வச்சுட்டா.

பதினொன்னு நாப்பத்தொன்பது. எண்பத்து மூணு. திரும்ப வந்து உட்கார்ந்தா நாற்காலி என் வேர்வையிலயே ஈரமா இருக்கு. ஹால்ல வடை முடிஞ்சு, லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு, பன்னிரண்டு மணிக்குத் திரும்பவும் வணக்கம் சொல்ல ரெடியாகுதுங்க. எண்பத்தஞ்சு. மூணு லட்சத்துப் பதினெட்டாயிரம் பேரு. ஒவ்வொருத்தரும் உட்கார்ந்து டைப் அடிச்சிருக்காங்க, அடிச்சதை அழிச்சு அழிச்சு அடிச்சிருப்பாங்க, கடைசியில அனுப்புங்கிற பட்டனை அமுக்கினதும் 'உங்கள் புகார் பெறப்பட்டது, நன்றி'ன்னு வரும், அந்த வாசகத்தையும் நான்தான் எழுதினேன். எண்பத்தெட்டு. மது அந்த போன்ல என்ன கேட்டா? செக் பண்ணிட்டீங்கல்லன்னு கேட்டா. அது சந்தோஷத்துல கேட்ட கேள்வி இல்ல. அந்தப் பொண்ணுக்கு ஏதோ உறைச்சிருக்கு, வாய்விட்டுச் சொல்ல ஒண்ணும் கையில இல்ல, அதனால என்கிட்ட கேட்டிருக்கு, நான் இல்லைன்னு சொன்னா கல்யாணத்தை நிறுத்திடலாம்னு கேட்டிருக்கு. தொண்ணூத்தொண்ணு. அவ ஏழு வயசுல என் வண்டியில முன்னாடி நின்னுக்கிட்டு வருவா, பிரேக் போடும்போதெல்லாம் சித்தப்பா பிடிச்சுக்கிட்டீங்கல்லன்னு கேப்பா, பிடிச்சுக்கிட்டேன்னு சொன்னதும் ரெண்டு கையையும் விட்டுடுவா. தொண்ணூத்து மூணு. விரல் அதுவா போய் நிறுத்துற பட்டனை அமுக்கிச்சு. அதுவா போகல. நான்தான் அமுக்கினேன், இதையாவது நான் செஞ்சேன்னு சொல்லிக்கிறேன். 'பணி ரத்து செய்யப்பட்டது'ன்னு ஒரு வரி வந்துச்சு, புகார் டேபிள் பழையபடியே நின்னுச்சு.

கருவியை ஓட விட்டேன். மூணு லட்சத்தையும் தடவித் தடவிப் பார்க்குது. பன்னிரண்டு. ஜெயசீலன் சார் அவரோட ரூம்லேர்ந்து போன் அடிக்கிறார், எடுக்கல. பன்னிரண்டு மூணு. ஹால்ல பொண்ணுங்க என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்குதுங்க, சைட்டு திறக்கலியேன்னு. ஒண்ணுமே வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன், வரணும்னும் வேண்டிக்கிட்டேன், எந்த சாமிகிட்டன்னு தெரியல. பன்னிரண்டு ஏழுக்கு ரெண்டு வரி வந்துச்சு. முதல் புகார் மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு தகப்பனார் குடுத்தது, பையன் கை ஓங்குகிறார், என் மகள் பயந்துபோய் இருக்கிறாள், மேற்கொண்டு எழுத விருப்பமில்லைன்னு முடிச்சிருக்கார். ரெண்டாவது பதினாலு மாசத்துக்கு முன்னாடி, திண்டுக்கல்லேர்ந்து ஒரு பொண்ணு, ஸ்கூல் டீச்சர், நீளமா எழுதியிருக்கா. என் கண்ணு மேலேர்ந்து படிக்காம நேரா நடுவுல போய் விழுந்துச்சு. நிச்சயம் முடிந்த பதினோராம் நாள். கார் கதவைப் பூட்டிக்கொண்டார். என் போனின் நம்பர் லாக்கைக் கேட்டார், நான் சொல்லவில்லை. அவர் சத்தமே போடவில்லை. ரொம்ப மெதுவாகப் பேசிக்கொண்டே என் இடது கை மோதிர விரலைப் பின்பக்கமாக மடக்கினார், அவர் போட்ட மோதிரம் அதில்தான் இருந்தது. சொல்லும்மா, சொல்லும்மா என்று கெஞ்சுவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தார். எலும்பு முறியும்போதும் அவர் குரல் மாறவில்லை. எக்ஸ்ரே படம் இணைத்திருக்கிறேன். இணைச்சிருக்கா. படத்தைத் திறந்து பார்த்தேன். சாம்பல் நிறத்துல ஒரு சின்னக் கை, ஒரு விரல்ல மட்டும் குறுக்கே ஒரு கோடு. வாயைப் பொத்திக்கிட்டு குனிஞ்சேன், குப்பைக் கூடையை இழுக்கிறதுக்குள்ள வாந்தி வந்துடுச்சு, சட்டையில, மேஜையில, அந்த நகத் துண்டு மேல. துடைக்கல. அழுதேனான்னு தெரியல, மூக்குலேர்ந்தும் வந்துச்சு. பன்னிரண்டு பதினொண்ணு.

அண்ணன் உடனே எடுத்தார். கூட்டம் பேசுற சத்தம் குறைஞ்சிருந்துச்சு, ஐயர் ஏதோ சொல்லிக்கிட்டு இருந்தார்.

"மோதிரம் போட்டாச்சாண்ணே?"

இன்னும் நாலு நிமிஷம் இருக்குன்னார், தட்டு மாத்தியாச்சாம், எல்லாரும் உனக்காகத்தான் பார்த்துக்கிட்டு இருக்கோம், வரலைன்னா பரவாயில்ல, இரு, ஸ்பீக்கர்ல போடறேன், ஒரு வார்த்தை எல்லார் முன்னாடியும் வாழ்த்திடுன்னார். நான் வேண்டாம்ணேங்கிறதுக்குள்ள போட்டுட்டார். சம்பந்தி, இவன்தான் என் தம்பி, மூணு தடவை செக் பண்ணிச் சொன்னது இவன்தான்னு அவர் பெருமையாச் சொல்றது கேக்குது. நாலஞ்சு பேரு சிரிச்சாங்க. அப்புறம் மைக் கிட்ட வந்த மாதிரி ஒரு குரல், அவ்வளவு மென்மையா, வணக்கம் மாமா, நீங்க இல்லாம நிறைவா இல்லன்னுச்சு. என் வாயில இன்னும் புளிப்பு போகல. கண்ணாடிக்கு வெளியில ஜெயசீலன் சார் வந்து நின்னு விரல் முட்டியால தட்டுறார், சைட்டைத் திறங்கன்னு வாயசைக்கிறார், மேஜையைப் பார்த்துட்டு மூக்கைப் பொத்திக்கிறார்.

"அண்ணே, மோதிரத்தைப் போட வேண்டாம். நான் தப்பாச் சொல்லிட்டேன். இவர் மேல ரெண்டு புகார் வந்திருக்கு. அதை அழிச்சது என் கைதான்."

யாரோ ஒரு பாத்திரத்தைக் கீழ வச்ச சத்தம். டேய் தனா, என்னடா உளர்றேன்னு அண்ணன், குரலு உடைஞ்சு போச்சு, இந்தக் குரலை எங்கப்பா செத்தப்பதான் கேட்டேன். மாப்பிள்ளையோட அம்மா ஏதோ கத்த ஆரம்பிச்சாங்க. அதுக்கு மேல அந்த மென்மையான குரல், கொஞ்சங்கூட ஏறாம, அவசரமே இல்லாம வந்துச்சு.

"மாமா, உங்க சைட்டுலயே பாருங்களேன். என் பேர்ல புகார் பூஜ்யம்னுதானே காட்டுது?"

அவனுக்குத் தெரியும். எல்லாம் தெரியும் அவனுக்கு, யாருக்கு எப்ப என்ன சொன்னா பூஜ்யம் ஆகும்னு தெரிஞ்சுதான் நாலு வருஷமா உட்கார்ந்திருக்கான். நான் குடுத்த பூஜ்யத்தைத்தானே திருப்பிக் காட்டுறான். அப்பத்தான் மது பேசினா, போனுக்கு ரொம்பப் பக்கத்துல வந்து.

"என்ன எழுதியிருக்கு சித்தப்பா? படிங்க."

ஜெயசீலன் சார் கதவைத் தள்ளித் திறந்துட்டார். ஹாலு முழுக்க எழுந்து நிக்குது. சட்டைக் கையால ஸ்கிரீனைத் துடைச்சேன், வாயையும் துடைச்சேன். அந்த டீச்சரோட பேரையும் ஊரையும் மட்டும் விட்டுட்டு, இந்தத் தடவை முதல் வரியிலேர்ந்து சத்தமாப் படிக்க ஆரம்பிச்சேன்.

"ஐயா, இதை யாராவது படிப்பீர்களா என்று தெரியவில்லை."